பேடும் பாலீறும்: இலக்கண விதியும் இன்றைய வழக்கும்

தமிழில் ஒருவரைப் பற்றி ஒரு தொடர் சொல்லப் புகின், அவர்தம் பாலைக் கூறாது வினையை முடித்தல் அரிது. சுட்டுப் பெயரில் மட்டுமன்றி வினைமுற்றின் ஈற்றிலும் பால் வெளிப்படும். ஆகவே, பிறப்பிற் குறிக்கப்பெற்ற பாலினின்று வேறாகத் தம் பாலை உணர்ந்து வாழ்வாரை எச்சொல்லாற் சுட்டுவது என்னும் வினா, பிற மொழியாளர்க்குப் புதிதாகத் தோன்றினும், தமிழிலக்கண நூலார்க்குப் பண்டே எதிர்ப்பட்டதொன்றாம். அவர் கூறிய விடைகளைத் தம்முள் ஒப்பிட்டு, இன்றைய வழக்கொடு வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே இதனை எடுத்துக்கொள்கிறார். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரும் தெய்வத்தைக் குறிக்கும் பெயரும் தமக்கெனத் தனி ஈறு பெறா. உயர்திணைப் பால்களின் ஈற்றையே கொண்டு முடியும் என்பது அவர் கருத்து. மேலும், ஆண்மை திரிந்த பெயர் ஆண்பால் வினை கொள்ளாது என்றும் வேறிடத்து விலக்குகிறார். பேடி வந்தாள், பேடியர் வந்தார் என உரையாசிரியர் காட்டும் முடிபுகள் இவ்விதியின் பயனாகும். ஈண்டு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, இவரை உயர்திணையுள் வைத்தமை. மற்றொன்று, பிறந்தவாறு பற்றி ஆண்பால் ஈறு கொடுத்தலை வெளிப்படையாக மறுத்தமை.

நன்னூலார் காட்டுவது இதனின் விரிந்தது. பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவாரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவாரைப் பெண்பாலாகவும் பெயரியலில் அவர் வகுக்கிறார். இன்று திருநம்பி எனப்படுவார்க்குத் தொல்காப்பிய நூற்பாவில் வெளிப்படையான இடமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூலில் இடமுண்டு. அன்றியும், பவணந்தியார் அளவுகோலாகக் கொண்டது ‘விடுதல்’, ‘அவாவுதல்’ என்னும் இரண்டு வினைகளை. இரண்டும் அவரவர்தம் வினைகளேயன்றிக் காண்பார் வினைகள் அல்ல. இதனை இக்காலத்துத் தற்பால் உணர்வுக் கொள்கையென்றே கூறுதல் மிகையாகும். ஆயினும் பாலைத் துணியும் இடம் உடலினின்று உள்ளத்தை நோக்கி நகர்ந்தது என்பது மறுத்தற்கரியது.

எனினும் நன்னூலார் அத்துடன் நில்லாது, இவ்விருவகையாரும் அஃறிணை போலவும் ஆவர் என்று முடித்தனர். இம்முடிபே ஆராய்ச்சிக்குரியது. இவரை ‘அது’ எனச் சுட்டுவார்க்கு இலக்கணச் சான்று இதுவெனக் கூறுதல் கூடும். அது பொருந்துமா?

இதன் வேர் தொல்காப்பியத்தில் உளது. உயர்திணைப் பொருள் உணர்த்தியும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் நிரலொன்று கிளவியாக்கத்தில் உண்டு. அரசு, குழவி, விருந்து, குழு முதலியவற்றொடு தன்மை திரிந்த பெயரும், காதலாற் கூறும் சொல்லும், செறலாற் கூறும் சொல்லும் அங்கே எண்ணப்பட்டுள்ளன. அரசு வந்தது என்பதனால் அரசன் அஃறிணையாகான். குழவி அழுதது என்பதனால் குழவி மக்களுள் வைத்து எண்ணப்படாது போகாது. அந்நிரலில் அஃறிணை முடிபு சொல்லுக்குரியதே, ஆளுக்குரியதன்று. பவணந்தியாரோ சொல்லைப் பற்றிய இவ்விதியை, அவாவும் மாந்தரைப் பற்றியதுபோலச் சுருக்கிவிட்டார். சுருக்கம் நூலுக்கு அழகேயாயினும், ஈண்டு அது பொருளை மயங்கவைத்தது என்பது எம் கருத்து.

அந்நிரலில் காதலும் செறலும் ஒருங்கே இடம்பெறுதல் நுட்பமுடையது. ஓரிக்கை முதல் உத்திரமேரூர் வரையுள்ள ஊர்களிலும், தமிழ்நாட்டின் பிற பகுதிகளிற் போலவே, சிறு குழந்தையை ‘அது தூங்குது’ என்பர்; அது காதற்சொல். அதே சொல்லைத் திருநங்கை ஒருவர்மேல் ஏற்றுங்கால் செறற்சொல்லாகிறது. ஈறு ஒன்றே, உள்ளம் வேறு. எனவே, ‘அது’ என்பாரின் மனப்பாங்கை இலக்கணத்தின்மேல் ஏற்றுதல் தகாது. ஓரிருக்கை என்பது ஓரிக்கையென மருவியதாக வைணவ மரபு கூறும். வழக்கு சொல்லை மாற்றும் என்பதற்கு அவ்வூர்ப்பெயரே சான்று. வழக்கு இழிவை ஏற்றியதாயின் அதனைக் களைதலும் வழக்கினாலேயே இயலும்.

அவ்வாறு களையும் முயற்சி நம் காலத்து நிகழ்ந்துள்ளது. அலி, பேடி என்பன இகழ்ச்சி ஏறிய சொற்களாகிவிட, அரவாணி என்பது வழங்கியது. 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு அரவாணிகள் நல வாரியம் அமைத்தது. பின்னர்த் திருநங்கை, திருநம்பி என்பன நிலைபெற்றன. 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், தம் பாலைத் தாமே துணியும் உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்னும் பொருளுடைய சொல் திருநங்கையையும் தழுவும் என்றது. ஒரு பெயரின் பொருளெல்லை நீதிமன்றத்தில் ஆராயப்பட்டமை சொல்லாராய்ச்சியாளரும் கருதற்பாலது. 2022இல், உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக, இத்துறைச் சொற்றொகுதி ஒன்றினை அரசு வெளியிட்டது.

இவற்றைப் பற்றி மக்கள் கொள்ளும் நோக்கு ஒருதன்மைத்தன்று. பிறப்பின் பாலே ஈற்றிலும் வரவேண்டும் என்பார் ஒருசாரார். எல்லோர்க்கும் ‘அவர்’ என்றால் இடரில்லை என்பார் மற்றொருசாரார். தாம் விரும்பும் ஈற்றையே பிறரும் வழங்கவேண்டும் என்பார் வேறொருசாரார். முதற்சாரார் தொல்காப்பியர் விலக்கிய முடிபையே விதியாகக் கொள்கின்றனர்; மரபு அவர் பக்கம் இல்லை. இரண்டாஞ்சாரார்க்கு வலிய சான்றுண்டு. ஒருவர் என்னும் பெயர் இருபாற்கும் உரியதாய்ப் பன்மை வினை கொள்ளும் என்பதும், ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கினால் வந்த உயர்சொல் என்பதும் தொல்காப்பியத்துட் காணப்படும். ஆங்கிலத்தார் பன்மைச் சுட்டை ஒருவர்க்கு வழங்குவது குறித்து வாதிடுங்காலத்தும், தமிழர்க்கு அவ்வழி பழகியதே.

எனினும் ‘அவர்’ முழு விடையாகாது. பிற பெண்களை ‘அவள்’ என்று தோழமையொடு பேசும் ஒருவர், திருநங்கையை மட்டும் ‘அவர்’ என்று நிறுத்துவாராயின், அம்மதிப்பும் ஒரு விலக்கேயாகும். ஆணும் பெண்ணுமல்லர் எனத் தம்மை உணர்வார்க்கு ‘அவர்’ உரிய சொல். பெண்ணென வாழ்வார்க்கு அது பெண்மையை மறைக்கும் திரையாதலும் உண்டு.

திருவாய்மொழி இரண்டாம் பத்தில் நம்மாழ்வார் ஆண், பெண், அலி என்னும் மூன்று நிலையையும் இறைவனுக்கு மறுக்கிறார். மறுக்கும் சொல் மூன்றிடத்தும் ஆண்பால் ஈறே கொள்கிறது. பாலைக் கடந்த பொருளையும் பாலீறின்றிக் கூற மொழி இடந்தரவில்லை. ஈறு ஒன்று வேண்டுமென்பது மொழியின் நியதி. எவ்வீறு என்பது மாந்தர் ஒருவரையொருவர் மதிக்கும் முறையைப் பொறுத்தது. பவணந்தியார் நூற்பாவின் முற்பகுதியை விதியாகவும், பிற்பகுதியைச் சொற்பற்றிய குறிப்பாகவும் கொள்வோமாயின், அவரவர் அவாவும் பாலே ஈறாதல் தமிழ் மரபுக்கு மாறன்று என்பது இனிது விளங்கும்.