ஐஸ் பெட்டியில் போன கட்டக்கோரை

அன்று மண்டபத்தில் நான் வாங்கிய ஐஸ் மீனுக்கு இல்லை. தெர்மகோல் பெட்டிக்குள் நான்கு பிளாஸ்டிக் குப்பிகள், குப்பிகளில் கஞ்சி போலக் குழகுழவென்று கட்டக்கோரைச் சாறு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் பஸ் மாறி, தேவிபட்டினம், தேவகோட்டை வழியாகக் காரைக்குடி போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடிதான். மூன்று மாத உழைப்பு அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

கட்டக்கோரை என்றால் சர்காசம். பாம்பன் பக்கத்து அக்காமார் விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, முங்கி முங்கிப் பறிக்கிறார்களே, அந்தப் பாசிகளில் ஒன்று. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் எடுக்கிறோம். நுண்ணுயிர் வளர்க்கும் தட்டுகளில் ஊற்றுவது அந்த அகரைத்தான். கட்டக்கோரையில் இருப்பது வேறு சரக்கு: கந்தகம் ஏறிய ஒரு சர்க்கரைச் சங்கிலி, பெயர் ஃபூக்காய்டான். ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பத்திரியில் போடும் ஹெப்பாரினும் இப்படிக் கந்தகம் ஏறிய சர்க்கரைதான். அதைப் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். நம் கடலில் அலையோடு ஆடும் ஒரு பாசியிலும் அந்தக் குணம் உண்டு என்பதை நினைத்தாலே எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

குணம் இருக்கிறதா என்று சோதிக்கும் முன்னால் பொருள் அதுதானா என்று தெரிய வேண்டும். அங்கேதான் கடற்கரைக்காரன் மாட்டிக்கொள்கிறான். சாற்றை உலர்த்திப் பொடியாக்கி, பொட்டாசியம் புரோமைடு உப்போடு அரைத்து, அழுத்தி, வில்லையாக்கி, அகச்சிவப்பு ஒளியில் வைத்துப் பார்க்கும் கருவிக்கு எஃப்டிஐஆர் என்று பெயர். அந்த உப்புக்கு ஈரம் ஆகாது. எங்கள் கரைக் காற்றில் டப்பாவைத் திறந்த சற்று நேரத்தில் கட்டிதட்டிப்போகும். கருவிக்குள்ளேயும் அதே உப்பில் செய்த பாகம் பெரும்பாலும் இருக்கும். ஆக, அதைக் கரையில் வைத்துக் காப்பாற்றுவது தனிப் போராட்டம். மூலக்கூறின் அமைப்பைக் காந்தப்புலத்தில் வைத்துப் பார்க்கும் என்எம்ஆர் கருவியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், விலை கோடிகளில். அதன் காந்தச் சுருள் மைனஸ் 269 டிகிரியில், திரவ ஹீலியத்தில் மூழ்கிக் கிடக்க வேண்டும். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹீலியம் ஊற்றியே ஆக வேண்டும். இப்படிப்பட்ட கருவியை ஒரு துறை மட்டும் பூட்டி வைத்துக்கொள்வது பெரும் பாவம் என்பேன்.

காரைக்குடியில் முதல் வேலை, உறைய வைத்து உலர்த்துவது. பல்கலைக்கழகத் துறை ஒன்றில் எல்லோருக்கும் பொதுவான உலர்த்தி இருந்தது. வெற்றிடத்தில் பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிப் போகும். இரண்டு நாள் கழித்துக் குடுவையைக் கழற்றினால், கஞ்சியாகப் போனது இலவம்பஞ்சாக நிற்கிறது! ஊதினால் பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்பியில் அடைத்தேன்.

அடுத்து சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் பக்கத்துக்கு வந்த நிறுவனம் அது. அங்கே மையக் கருவிக்கூடம் இருக்கிறது. கடிதம், கட்டணம், மாதிரி மூன்றும் சரியாக இருந்தால் வெளியூர்க்காரனுக்கும் முறை வரும்.

கருவியை இயக்குபவர் என் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து அகேட் கல்வத்தில் அரைத்தார். அவசரமே இல்லை. வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கலங்கலாக இருக்கிறது என்று மறுபடி செய்தார். இரண்டாவது வில்லை கண்ணாடி. திரையில் கோடு ஓட ஓட, 1250 அலையெண் பக்கத்தில், கந்தகம் ஏறியதைக் காட்டும் ஒரு பள்ளம் விழுந்தது. "சல்ஃபேட் இருக்கு தம்பி" என்றார். அந்த மூன்று சொல்லைக் கேட்கத்தான் நான் மூன்று மாதம் பாசி அலசினேன். என்எம்ஆர் அறைக்குப் போகும்போது கைக்கடிகாரம், போன், ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு, கோவிலுக்குள் போவது போலத்தான் போனேன்.

திரும்பி வந்து, எனக்குப் பாசி பறித்துத் தந்த அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "இதுல என்னய்யா அதிசயம், ஐஸ் கம்பெனி மாதிரித்தான. எந்தப் போட்டுக்காரன் சொந்தமா ஐஸ் கம்பெனி வச்சிருக்கான்? எல்லாரும் போயி அள்ளிக்கிறதுதான" என்றார். பொதுக் கருவிக்கூடத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டியது ஐஸ். ஆராய்கிறவனுக்கு வேண்டியது அளவு.

இந்த ஏற்பாடு புதிதும் அல்ல. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே சென்னை ஐஐடி போன்ற இடங்களில் வட்டாரக் கருவி மையங்களைத் தொடங்கியது. அவைதான் இன்று சைஃப் மையங்கள். செல் வேண்டுமா, புனேயில் தேசிய உயிரணு அறிவியல் மையம் வளர்த்து வைத்திருக்கும் செல் வரிசைகளை நாடு முழுக்க வாங்கிக்கொள்ளலாம். 2020 ஜனவரியில் வந்த ஐ-ஸ்டெம் தளத்தில், நாட்டில் எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து முறைக்குப் பதிவு செய்யலாம். எனக்கு இது தெரிய இரண்டு வருடம் ஆயிற்று. கமுதியிலோ முதுகுளத்தூரிலோ படிக்கும் பிள்ளைக்கு முதல் வருடமே தெரிய வேண்டும்.

ஓர் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கடற்பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பாசியும் பரிசோதனையும் நோயாளியும் ஒரே மாவட்டத்தில். உப்புக்காற்று புகாத ஒரு பொதுக் கருவிக்கூடம் ராமநாதபுரத்தில் அமைந்தால், இந்தக் கரையின் பிள்ளைகள் ஐஸ் பெட்டியோடு பஸ் மாற வேண்டியதில்லை. பொறுப்பில் இருப்பவர்கள் இதைச் செய்துதர வேண்டும்.

அதுவரை காரைக்குடிக்குக் கிளம்புங்கள் தம்பிகளே, தங்கைகளே. துறைத் தலைவரின் கடிதத்தை மறக்காதீர்கள். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் கருவியை இயக்கியவரின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். மாதிரியை மட்டும் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்திக்கொண்டு போங்கள்.