வெள்ளைச்சாமியும் சுவேதாவும்

குழந்தைக்குப் பெயர் வைப்பதில் நம் வீடுகளில் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் தாத்தா பெயரா, குலசாமி பெயரா என்பதுதான் பேச்சு. இப்போது முதலில் வருகிற கேள்வி, "அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?" சோதிடர் எழுதிக் கொடுத்த எழுத்து, எண்கணிதக் கூட்டுத்தொகை, கூடவே ஒரு நல்ல பொருள் என மூன்றும் பொருந்துகிற பெயரைத் தேடி, தூங்காத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கைப்பேசியில் பட்டியல் பட்டியலாகப் புரட்டுகிறார்கள் இளம் பெற்றோர். அந்தப் பட்டியல்களில் வெண்மைக்குத் தனி மவுசு. தூய்மை, ஒளி, அமைதி என்று பொருள் போட்டு சுவேதா, தவளா, கௌரி, வெண்ணிலா, வெண்மதி, அர்ஜுன் என்று அடுக்கியிருப்பார்கள்.

இந்தப் பழக்கத்தில் நான் மனமார மதிக்கிற பக்கமும் உண்டு, பொறுத்துக்கொள்ள முடியாத பக்கமும் உண்டு. வெள்ளை ஓர் ஊரின், ஒரு மலையின், ஒரு பூவின், ஒரு தெய்வத்தின் நிறமாகப் பெயருக்குள் வரும்போது குழந்தைக்கு ஒரு சொத்து சேர்கிறது. அதே வெள்ளை, குழந்தையின் தோலைப் பற்றி வீட்டார் கொண்ட ஆசையாக வரும்போது, அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய ஒப்பீடாகிவிடுகிறது.

முதல் பக்கத்துக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கிறது திருவெண்காடு. சுவாமி பெயர் சுவேதாரண்யேசுவரர். திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளை வரம் வேண்டித் தேவார ஏட்டில் கயிறு சாத்திப் பார்த்தபோது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம் வந்தது என்பதும், அங்கே போய் முக்குளத்தில் நீராடி வழிபட்ட பிறகு பிறந்த ஆண் குழந்தைக்குச் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டார்கள் என்பதும் சைவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அந்தக் குழந்தைதான் பின்னாளில் சிவஞானபோதம் செய்த மெய்கண்டார். பட்டினத்தாரின் இயற்பெயரும் திருவெண்காடர். சிறுத்தொண்டரின் மனைவி திருவெண்காட்டு நங்கை. இந்த மூவரில் ஒருவருடைய பெயரிலும் உடம்பின் நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பெயரைச் சொன்னால் ஊர் தெரியும், கோயில் தெரியும், பெற்றவர்கள் எதை வேண்டினார்கள் என்பதும் தெரியும்.

தெற்கே கரிவலம்வந்தநல்லூரில் பால்வண்ணநாதர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பால்வண்ணன் என்ற பெயரைக் கேட்டதுமே ஆள் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஊகித்துவிடலாம். கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி. பூண்டியிலிருந்து கையில் மூங்கில் தடியோடு ஏழு மலை ஏறுகிறவர்கள் தங்கள் பிள்ளைக்கு அந்த மலையின் பெயரையே வைத்தார்கள். ஊர் வாயில் அது வெள்ளிங்கிரி என்று குறுகிப்போனாலும் மலை அப்படியேதான் நிற்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் பனிமயம் என்று பெயர் வைப்பதும் இந்த வழியில் வந்ததே. பனி விழுந்தே அறியாத ஊர் அது. ஆகஸ்ட் 5 திருவிழா அன்றுகூட உப்பளத்து வெயில் கண்ணைக் கூசவைக்கும். ஆனாலும் உரோமாபுரிக் குன்றில் கோடைக்காலத்தில் பனி பெய்த மரபுக்கதை பனிமய மாதா வழியாக அந்த மக்களின் பெயரில் வந்து தங்கிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த வெண்மைதான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கோயிலும் தேரும் கடலோடிகளின் பல தலைமுறை நம்பிக்கையும் இருப்பதால் அந்தப் பெயருக்கு அங்கே வேர் இருக்கிறது.

வெள்ளைப் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் முத்துவையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. கொற்கை முத்து நம் பெருமை என்பது சரி. ஆனால் முத்துமாரி, முத்தம்மாள், முத்துக்கருப்பன் என்ற பெயர்கள் நிறத்தால் வந்தவை ஆகமாட்டா. அம்மை கண்ட உடம்பில் போடும் கொப்புளத்தையும் முத்து என்றே சொல்வார்கள். அந்த முத்தை இறக்கிக் காப்பாற்றிய அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வைத்த பெயர்கள் எத்தனையோ. வெண்மை, தூய்மை என்று ஒற்றை வரியில் பொருள் எழுதிவிட்டால் ஒரு கிராமம் கொள்ளைநோயில் பட்ட பாடு முழுக்க அந்தப் பெயரிலிருந்து கழன்றுபோகிறது. அகராதிப் பொருளை மட்டும் பார்த்துப் பெயர் தேடுவதில் உள்ள குறை இதுதான். பொருள் கிடைத்துவிடும், பெயரின் பின்னால் இருப்பவர்கள் காணாமல் போய்விடுவார்கள்.

நிறத்தையே நேராகச் சொல்கிற பெயர்கள் நம்மிடம் பழங்காலத்தில் இல்லாமலில்லை. வெள்ளைச்சாமி, வெள்ளையன், வெள்ளையம்மாள் எல்லாம் அப்படிப்பட்டவைதான். சிவகங்கைச் சீமையின் பெரிய மருதுவை வெள்ளை மருது என்றே அழைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கதையில் கட்டபொம்மனின் படைத்தலைவன் வெள்ளையத்தேவன், அவன் மனைவி வெள்ளையம்மாள். ஸ்ரீரங்கத்தில் படையெடுத்து வந்தவனைக் கோபுரத்தின் மேல் அழைத்துப்போய்த் தள்ளிவிட்டுத் தானும் குதித்த வெள்ளையம்மாளின் பெயரால்தான் கிழக்குக் கோபுரம் வெள்ளைக் கோபுரம் ஆனது என்று சொல்லிவருகிறார்கள். இந்தப் பெயர்களோடு எனக்குச் சண்டை இல்லை. காரணம், அதே தெருவில், பல சமயம் அதே வீட்டில், கருப்பசாமியும் கருப்பாயியும் இருந்தார்கள். அண்ணன் வெள்ளைச்சாமி, தம்பி கருப்பசாமி. இரண்டுமே சாமி. கருப்பு என்ற சொல் காவல் தெய்வத்தின் பெயராக இருந்ததால் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. சங்க காலத்துத் தெய்வ வரிசையும் அப்படித்தான் இருந்தது. மாயோன் கருமை, சேயோன் செம்மை, வாலியோன் வெண்மை. ஒன்றைவிட ஒன்று உயர்வு என்ற எண்ணம் அந்தப் பெயர்களில் இல்லை.

இப்போது நடப்பது வேறு. வெள்ளைச்சாமியும் பட்டிக்காட்டுப் பெயராகிப்போனான், கருப்பசாமியும் போனான். ஆனால் வெள்ளை மட்டும் உடை மாற்றிக்கொண்டு சுவேதாவாக, அர்ஜுனாகத் திரும்பி வந்துவிட்டது. கருப்பு திரும்பி வரவில்லை. என் குறையெல்லாம் இந்த இடத்தில்தான்.

நான் நேரில் பார்த்த ஒரு தொட்டில் விசேஷத்தைச் சொல்கிறேன். மதுரைப் பக்கம், உறவினர் வீடு, பதினாறாம் நாள். குழந்தையின் கொள்ளுப்பாட்டி கருப்பாயி. பத்து வயல் வேலைக்காரர்களுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டே ஆறு பிள்ளைகளை ஆளாக்கியவர். "எங்க ஆத்தா பேர வைங்கப்பா, குடும்பம் தழைக்கும்" என்றார் பெரியவர் ஒருவர். பிள்ளை பெற்றவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "வேணாம் மாமா, ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க." அத்தை குழந்தையின் காதில் மூன்று முறை சொன்ன பெயர் சுவேதா. பிள்ளைக்கு அந்தக் கொள்ளுப்பாட்டியின் நிறம். ஏழாம் வகுப்பு போனபோது அந்தச் சிறுமி ஒரு நாள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள். "பேருதான் சுவேதா" என்று யாரோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கருப்பாயி என்ற பெயரால் வரும் என்று அஞ்சிய கேலி, அதைத் தவிர்க்க வைத்த பெயராலேயே வந்து சேர்ந்தது. அந்தத் தாயைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கருப்பைக் கேலிப்பொருளாக்கிய ஊரில் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அவள் பார்த்தாள்.

பெயர் வைப்பதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. கருவுற்ற பெண்ணுக்குக் குங்குமப்பூ போட்ட பால் கொடுக்கிறார்கள், பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமாம். தோலின் நிறத்தைப் பெற்றோரின் மரபணு முடிவு செய்கிறது, பால் டம்ளர் முடிவு செய்வதில்லை. பிறந்த பிறகு கடலை மாவு, பிறகு முகக் களிம்பு. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, உலகெங்கும் எழுந்த நிறவெறி எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரு களிம்புக்கே தன் பெயரிலிருந்த வெளுப்பை வைத்துக்கொள்வது சங்கடமாகிப்போன காலத்தில், அதே ஆசையைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் எழுதுவதா?

கௌரி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லும்போதே இனிக்கிற பெயர், நோன்புக்குரிய பெயர். ஆனால் அதன் புராணத்தை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. சிவன் விளையாட்டாகக் கருநிறத்தவளே என்று சொல்ல, பார்வதி மனம் நொந்து தவம் செய்து, கருமையைக் களைந்து பொன்னிறம் பெற்றாள். கேலியில் தொடங்குகிற கதை இது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. களைந்த கருமையிலிருந்து கௌசிகி தோன்றினாள், சும்ப நிசும்பரை வதம் செய்தவள் அவள்தான். வலிமை கருமையோடுதான் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லி வளர்ப்பதானால் கௌரி என்று தாராளமாக வைக்கலாம். அருச்சுனன் கதையும் இப்படித்தான். பெயரின் பொருள் வெண்மை, ஒளி. பாரதம் காட்டும் அருச்சுனனோ கருநிறத்தவன். விராட பருவத்தில் அவன் அடுக்கும் பத்துப் பெயர்களில் வெள்ளைக் குதிரைகளால் வந்த சுவேதவாகனன் இருக்கிறது, கிருஷ்ணன் என்பதும் இருக்கிறது. கருப்பும் வெள்ளையும் ஒருவனுக்கே பெயராகும் அளவுக்கு அந்தக் காவியத்துக்கு மனம் விரிந்திருக்கிறது.

தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் தந்த வெண்ணிலா, வெண்மதி போன்ற பெயர்களை நான் இந்தக் குறையிலிருந்து விலக்கியே வைக்கிறேன். அவற்றில் வெள்ளை நிலவுக்குச் சொந்தம். எந்த நிறத்துப் பெண்ணும் வெண்ணிலாவாக இருக்கலாம், யாரும் தோலோடு ஒட்டிப் பார்ப்பதில்லை. படிக்கத் தெரிந்த எந்தத் தமிழருக்கும் பொருள் உடனே விளங்குகிறது. சுவேதாவைப் போலப் பள்ளிச் சான்றிதழில் சுவேதா, ஆதாரில் ஸ்வேதா, கடவுச்சீட்டில் எச் எழுத்து கூடியும் குறைந்தும் என்று அலைய வேண்டியதும் குறைவு. இவற்றிலும் தொல்லை இல்லாமல் இல்லை. வெளிநாட்டு வகுப்பறையில் வெண்ணிலாவை வெனிலா என்று கூப்பிட்டுவிடுவார்கள். இன்னொன்று நட்சத்திர எழுத்து. மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கி என்று பஞ்சாங்கம் சொல்கிறது. சமஸ்கிருதத்தில் குறில் எகரமே கிடையாது. அதனால் நெடில் வே வேண்டும் என்று சோதிடர் கறாராகச் சொல்லிவிட்டால், வெண்மதி என்று ஆசையாக எடுத்துவைத்த வீடு வேதிகாவுக்குத் தாவிவிடுகிறது. தமிழின் ஒலியைத் தமிழில் இல்லாத அளவுகோலால் அளக்கிற இந்த இடத்தில் பெற்றோர் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கலாம்.

தூய்மை என்ற பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளை என்றாலே தூய்மை என்று பட்டியல்கள் எழுதுவது பாதிதான் உண்மை. வள்ளுவர் புல்லறிவாண்மை அதிகாரத்தில் வெண்மை என்ற சொல்லை அறிவின்மைக்கு ஆள்கிறார். கணவனை இழந்த பெண்ணை ஒதுக்கி உட்காரவைக்க நம் சமூகம் தேர்ந்தெடுத்த சேலையும் வெள்ளைதான். கலைமகளின் வெண்தாமரையும் இதே நிறம்தான். நிறத்துக்கென்று தனியாகப் புனிதம் கிடையாது. அது எதன்மேல் அமர்கிறதோ அதன் குணத்தை எடுத்துக்கொள்கிறது. வெண்மணி என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். வெண்ணிற மணி என்று பொருள் சொன்னால் அழகான பெயர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்ட பிறகு, தமிழ்நாட்டில் அந்தப் பெயரை வெறும் நிறமாகக் கேட்க முடியாது. பிள்ளைக்கு வெண்மணி என்று பெயர் வைக்கிறவர்கள் அந்த 44 பேரையும் அறிந்தே வைக்க வேண்டும். அறிந்து வைத்தால் அதைவிடக் கனமான பெயர் இல்லை.

அவசரப்பட வேண்டியதும் இல்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதன் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்க வழி இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களை உட்கார்ந்து கேட்டு எழுதலாம். ஒரு பெயரில் இருக்கும் வெள்ளை யாருடையது, நிலவுடையதா, மலையுடையதா, சாமியுடையதா, இல்லை நம் மனதில் இருக்கும் தோல் ஆசையுடையதா என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நேராகக் கேட்டுக்கொள்ளலாம்.

கருப்பாயி என்ற பெயரை அப்படியே வையுங்கள் என்று இன்னொரு வீட்டுக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அதன் விலையைக் கொடுக்கப்போவது அந்தக் குழந்தை. ஆனால் கார்முகில், முகிலன், நீலா, மாயோன், கார்குழலி என்று எத்தனையோ பெயர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெயர்ப் புத்தகம் போடுகிற பதிப்பாளர்கள் வெண்மைக்கு ஒரு பக்கம் ஒதுக்கும்போது எதிர்ப்பக்கத்தைக் கருமைக்கு ஒதுக்கட்டும். அதில் கார்முகிலுக்கு நேரே "மழை கொண்டுவரும் மேகம்" என்று பொருளை முழுசாக எழுதட்டும். மிருகசீரிடத்துக்கு வரும் அதே "கா" எழுத்துதான், சோதிடரும் மறுக்கமாட்டார்.