பூர்வீகம் தெரிந்த பலகை

கொடைக்கானலில் பேரிக்காய் மரம் ஒன்று பட்டுப்போனால் அது விறகாகிவிடும். அந்த விறகுக் கட்டிலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, நிழலில் நன்றாகக் காயவைத்து, இழைத்து, சின்ன டயோடு லேசரின் கீழே வைத்துப் பாருங்கள். தேன் நிறப் பரப்பில் காப்பி டிகாஷன் நிறத்தில் கோடு விழும். முடியளவு கோடும் எங்கும் உடையாது. இந்த மரத்தின் இழை அவ்வளவு நெருக்கம். ஐரோப்பாவில் அச்சுக்கட்டை செதுக்கியவர்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பேரிக்காய் மரத்தைத் தேடியதும் இதற்காகத்தான். உளிக்குப் பிடித்தது ஒளிக்கும் பிடித்திருக்கிறது.

ஓலையில் எழுத்தாணியால் கீறினால் மட்டும் எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடாது. மேலே விளக்குக்கரி தடவ வேண்டும். லேசரில் கீறுகிற ஒளியே கரியையும் பூசிவிடுகிறது. எரிந்த இடம்தான் எழுத்து. அதனால் எது எரிகிறது என்பதைக் கண்ணும் கேட்க வேண்டும், நுரையீரலும் கேட்க வேண்டும்.

மலையில் கிடைக்கும் மற்ற மரங்களுக்கும் ஆளுக்கொரு குணம். பைன் பலகையில் ஆண்டு வளையங்களின் மென்பகுதி ஆழமாகத் தீயும், வன்பகுதி முரண்டு பிடிக்கும். மனித முகம் பொறித்தால் கன்னத்தில் வரிவரியாக விழும். மலைமுகடோ மேகமோ பொறித்தால் அதே வரிகள் படத்தோடு சேர்ந்துகொள்ளும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கைச் சரியான வாக்கில் அறுத்தால் சரிகை போலப் புள்ளிகள் மின்னும். அதில் பெரிய படம் வேண்டாம். ஓரத்தில் ஒரு பெயர் போதும்.

வாட்டில் கதை தனி. சீகை என்றும் சொல்கிறோமே, அந்த மரம்தான். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று போன நூற்றாண்டில் வனத்துறை பழனி மலையின் புல்வெளிகளில் இதை நட்டது. இன்று சோலையையும் புல்வெளியையும் விழுங்கும் அந்நிய மரம் என்று அதையே வெட்டச் சொல்கிறோம். ஆனால் வாட்டில் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோலைப் போல லேசருக்கு இணங்கும் தோல் வேறில்லை. புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டின் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் இந்த வழியில் வந்ததுதான். கோடு அடர்பழுப்பாக, விளிம்பு கூர்மையாக விழும். குரோமியத்தில் பதனிட்ட தோலின் வெட்டுமுகம் பெரும்பாலும் சாம்பல் நீலமாக இருக்கும். சூட்டில் அந்தக் குரோமியம் இன்னும் நச்சான வடிவத்துக்கு மாறக்கூடும். அதை விட்டுவிடுங்கள்.

அதைவிட ஆபத்து, தோல் வேடமிட்ட ரெக்சின். ஒரு கடையில் ‘லெதர்’ என்று கொடுத்த துண்டை நம்பி வாங்கி வந்தேன். மனதின் ஒரு மூலையில் சந்தேகம் தட்டியது. செம்புக் கம்பியை அடுப்புத் தீயில், சுடர் நிறம் மாறாமல் எரியும்வரை காய்ச்சி, துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினேன். பச்சைச் சுடர். உள்ளே குளோரின் இருக்கிறது என்று அர்த்தம், பி.வி.சி.தான். லேசர் பட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும். மூச்சுக்குழலை அரிக்கும், இயந்திரத்தின் இரும்பைத் தின்னும், லென்ஸையும் கெடுக்கும். இந்தச் சோதனையைச் செய்வதானால் வெளி முற்றத்தில், நகக்கண் அளவு துண்டில் மட்டும்.

பிளைவுட்டிலும் எம்.டி.எஃப்.-இலும் மரத்தைவிடப் பசையைக் கவனிக்க வேண்டும். ஃபார்மால்டிஹைடு கலந்த பசை புகையில் காரமேற்றும். பசை திரண்ட இடத்தில் வெட்டு நின்றுபோய்க் கரும்புள்ளி விழும்.

அக்ரிலிக் விஷயத்தில் ஒளியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சூரிய ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து நூறாண்டுக்கு மேலாகப் படமெடுக்கும் வானாய்வகம் இருக்கும் ஊர் இது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய ஒளியைத்தான் உண்ணும் என்பது இங்கே புதுச் செய்தி அல்ல. 450 நானோமீட்டர் நீல டயோடு ஒளி, தெளிந்த அக்ரிலிக்கில் படாததுபோல் ஊடுருவிப் போய்விடும். 10.6 மைக்ரோமீட்டர் கார்பன் டை ஆக்சைடு லேசரை அதே தகடு முழுதாக வாங்கிக்கொள்ளும். அதிலும் வார்த்தெடுத்த ‘காஸ்ட்’ அக்ரிலிக்கில்தான் உறைபனி போன்ற வெள்ளை வரும். பிழிந்தெடுத்த மலிவுத் தகடு உருகி மங்கலாக நிற்கும்.

சமவெளிக்காரருக்கு இல்லாத ஒரு சோதனை நமக்கு உண்டு: குளிர். டிசம்பர் மாலையில் கை தானாக ஜன்னலைச் சாத்தும். சாத்தினால் புகையும் ஆவியும் உள்ளேயே தங்கும். கண்ணுக்குத் தெரியாத ஆவி என்ன செய்யும் என்பதை, 2001-ல் மூடப்பட்ட பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை இந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அதனால் புகைபோக்கிக் குழாயை வெளியே நீட்டி, என் லேசரின் அலைநீளத்துக்கென்று விற்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இயந்திரத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வை. ஜன்னல் வழியே மஞ்சு வருகிறது. மேசையில் பேரிக்காய்ப் பலகை. யார் தோட்டத்து மரம், எந்த மழையில் சாய்ந்தது என்று எனக்குத் தெரியும்.