திருந்தார் எனத் தீர்ப்பிடுதல்: பச்சன் சிங் தீர்ப்பைக் குறித்து ஓர் இறையியல் திறனாய்வு

மரண தண்டனையைப் பற்றி நம் சபைகளில் பேச்செழும்போதெல்லாம் ஒரு தரப்பார் ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தையும் ரோமர் 13ஆம் அதிகாரத்தையும் எடுத்துக்காட்டுவர். மறுதரப்பார் மலைப்பிரசங்கத்தைக் கொண்டு அதற்கு விடையிறுப்பர். இரு தரப்பாரும் பெரும்பாலும் படிக்காத நூலொன்று உண்டு. இந்நாட்டில் ஒருவரைத் தூக்கிலிடலாமா என்பதை 1980 முதல் முடிவு செய்துவருவது எபிரெயச் சொல்லுமன்று, கிரேக்கச் சொல்லுமன்று. பச்சன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பே அது. இறையியல் மாணவர் அதைச் சட்ட வல்லுநருக்கென ஒதுக்கிவிடுவது சரியன்று. மனிதனைப் பற்றிய ஒரு கோட்பாடு அதனுள் அடங்கியுள்ளது.

ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வில் நால்வர் 1980 மே 9 அன்று மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று முடிவு கூறினர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சர்க்காரியா. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354(3)ஆம் பிரிவு, மரண தண்டனை விதிப்பதாயின் சிறப்புக் காரணங்களைக் கூறவேண்டுமென நீதிபதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு, ஆயுள் தண்டனையே பொதுவிதி, மரணம் விதிவிலக்கு, 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டுமே அதற்கு இடமுண்டு என்ற நெறி வகுக்கப்பட்டது. குற்றத்தை மட்டும் நோக்கினால் போதாது, குற்றவாளியையும் நோக்கவேண்டும் என்றும் கூறப்பட்டது. ஐந்தாமவரான நீதிபதி பகவதி உடன்படவில்லை. அவருடைய மாறுபட்ட தீர்ப்பு 1982 ஆகஸ்டு 16 அன்றுதான் வெளிவந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பைப் பழிவாங்கும் உணர்வின் வெளிப்பாடு என்று கூறுவது நேர்மையாகாது. நம் பிரசங்க பீடங்களில் கேட்கும் சில சொற்களைக் காட்டிலும் அது இரக்கமுள்ளது என்றே கூறவேண்டும். தண்டனையைக் குறைப்பதற்குரிய சூழ்நிலைகளென அது ஏற்றுக்கொண்டவற்றுள் இரண்டு நம் கவனத்திற்குரியவை. குற்றவாளி இனியும் வன்செயலில் ஈடுபட்டுச் சமுதாயத்திற்கு அச்சுறுத்தலாக இருக்கமாட்டார் என்னும் வாய்ப்பு ஒன்று. அவர் திருந்தி மறுவாழ்வு பெறக்கூடும் என்னும் வாய்ப்பு மற்றொன்று. இவ்விரு வாய்ப்புகளும் இல்லையென்பதை அரசே சான்றுகளைக் கொண்டு மெய்ப்பிக்கவேண்டும். 'நான் திருந்துவேன்' என்று குற்றவாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவர் திருந்தமாட்டார் என்று அரசு மெய்ப்பிக்கவேண்டும். இரக்கத்தின் பொருட்டு எழுதப்பட்ட இந்நிபந்தனையே தீர்ப்பின் அடித்தளத்தை அசைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

ஒருவர் திருந்தமாட்டார் என்பதற்கு எவ்வகைச் சான்றைக் கொண்டுவர இயலும்? நடந்ததற்குச் சான்று உண்டு. கத்திக்கும் கறைக்கும் சாட்சிக்கும் நீதிமன்றத்தில் இடமுண்டு. இனி நடவாது என்பதற்கோ, உயிரோடிருக்கும் ஒரு மனிதனின் உள்ளம் எக்காலத்தும் மாறாது என்பதற்கோ எந்தச் சாட்சி கூண்டேறுவார்? இரட்டை முன்குறிப்பை அத்துணைக் கண்டிப்புடன் போதித்த கால்வின்கூட, தள்ளப்பட்டவர் இன்னாரென மனிதர் சுட்டுவதற்கு இடங்கொடுக்கவில்லை. அகுஸ்தீனைப் பின்பற்றி, அவ்வெண்ணிக்கையில் எவர் உளர் என அறியாத நாம் யாவருடைய மீட்பையும் நாடவேண்டும் என்றே கற்பித்தார். (1553இல் செர்வேத்து ஜெனீவாவில் எரிக்கப்பட்ட நிகழ்ச்சியில் இப்போதனை அவருக்கே கைகொடுக்கவில்லை என்பது வேறு செய்தி.) கடவுளுடைய மறைவான ஆலோசனைக்குரியது என நாம் விட்டுவைத்ததை அமர்வு நீதிமன்றம் ஒன்று ஒரு பிற்பகலில் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. காயீனின் கதையைப் படிப்பவர், அவன் திருந்தினான் என்று அங்கு ஓரிடத்திலும் சொல்லப்படாததைக் கவனிக்கவேண்டும். ஆயினும் அவனைக் கொல்லாதபடிக்கு அவன்மேல் அடையாளம் வைக்கப்படுகிறது.

இவ்விதி நடைமுறையில் என்னவாயிற்று? 1995இல் ராவ்ஜி வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு, தண்டனையை முடிவுசெய்யக் குற்றத்தின் தன்மையே கருதத்தக்கது, குற்றவாளியின் நிலையன்று என்று கூறி மரண தண்டனையை உறுதிசெய்தது. பச்சன் சிங் தீர்ப்புக்கு இது நேர்மாறானது. 1996இல் அம்மனிதர் தூக்கிலிடப்பட்டார். அத்தீர்ப்பு பின்னர் வேறு பல வழக்குகளிலும் பின்பற்றப்பட்டது. அது விதிக்கு மாறாக, கவனக்குறைவால் வழங்கப்பட்டதென உச்சநீதிமன்றமே 2009இல் பரியார் வழக்கில் ஒப்புக்கொண்டது. 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் பதினால்வர் குடியரசுத் தலைவருக்கு எழுதிய வேண்டுகோளுக்கும் இதுவே அடிப்படை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் திருத்தப்பட்ட பிழை அது. தூக்கிலிடப்பட்டவருக்கோ அத்திருத்தம் எட்டவில்லை.

நீதிபதி பகவதியின் தீர்ப்பு இத்தகைய விளைவுகளை முன்னரே கண்டது. எந்த வழக்கில் உயிரை எடுக்கலாம் என்பதற்குச் சட்டம் வழிகாட்டாதபோது, ஒருவர் வாழ்வதும் சாவதும் வழக்கு எந்த அமர்வின் முன் செல்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிடும் என்றார் அவர். ஏழைகளே பெரும்பாலும் இதற்குப் பலியாவர் என்றும் எழுதினார். அவர் கூற்றுக்கு ஹர்பன்ஸ் சிங் வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. ஒரே குற்றத்தில் ஒரே அளவு பங்குகொண்டதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட மூவர், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அமர்வுகளின் முன் உச்சநீதிமன்றத்தை அணுகினர். ஒருவருடைய தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. ஒருவர் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். அன்றே தூக்கிலிடப்பட இருந்த மூன்றாமவர் மீண்டும் மனுச் செய்ததால் தப்பினார். அவருடைய தண்டனையைக் குறைக்குமாறு 1982இல் நீதிமன்றமே குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது.

ஆயினும் மாறுபட்ட தீர்ப்பையும் நாம் திறனாயாமல் விடலாகாது. அதன் வலிமை முழுவதும் சமமின்மையின்மேல் நிற்கிறது. வழிகாட்டி இல்லையென்பது குறையாயின், வழிகாட்டி வகுத்துவிட்டால் குறை நீங்கிவிடுமன்றோ? 1983இல் மச்சி சிங் வழக்கில் கொலைசெய்த முறை, நோக்கம், எண்ணிக்கை முதலான ஐந்து வகைகள் வகுக்கப்பட்டன. அந்த நம்பிக்கையில் வகுக்கப்பட்டவை போலவே அவை தோன்றுகின்றன. சமமாகத் தூக்கிலிட்டால் போதும் என்று நீதிபதி பகவதி கருதினார் என்று நான் கூறவில்லை. ஆனால் அவ்வாறு கூறுபவருக்கு அவருடைய தீர்ப்பிலிருந்து முழுமையான விடை கிடைப்பதில்லை. மூவரையும் ஒருங்கே தூக்கிலிட்டிருந்தால் சமநீதி நிலைநாட்டப்பட்டிருக்கும்; திருந்தார் என்று மூவரைக் குறித்தும் அறியாமலேயே கூறியிருப்போம்.

இங்கு ஆயர் ஒருவர் எழுப்பக்கூடிய தடையைப் புறக்கணிக்க முடியாது. கொலையுண்ட பிள்ளையை அடக்கம்செய்துவிட்டு அத்தாயின் வீட்டில் உட்கார்ந்திருந்தவர், குற்றவாளியின் மனமாற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு நாகூசுவார். கூசுவதே முறை. மன்னிக்கும்படி அத்தாயைக் கட்டாயப்படுத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் அவருடைய துயரத்தைச் சான்றாக வைத்து, வேறொருவர் இனி மாறவே மாட்டார் என்னும் முடிவுக்கு வருவதற்கும் வழியில்லை. குற்றத்தின் கொடுமைக்கு ஆயுள் தண்டனையில் விடையுண்டு; அது சிறிய தண்டனையுமன்று.

நம் வீட்டுக் கணக்கையும் சிறிது பார்க்கவேண்டும். லண்டன் நியூகேட் சிறையில், தூக்கிலிடப்படவிருப்போரைச் சவப்பெட்டியின் எதிரே அமர்த்திக் குருவானவர் பிரசங்கிப்பது ஒரு காலத்தில் வழக்கம். அவர்களுடைய இறுதி அறிக்கைகளை அச்சிட்டு விற்று வருவாய் ஈட்டிய குருமாரும் அங்கு இருந்தனர். ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைக் கடையில் திருடியவருக்கு மரணமில்லை என்றாக்க 1810இல் வந்த மசோதாவை, பிரபுக்கள் சபையில் கேன்டர்பரி அத்தியட்சரும் வேறு ஆறு பேராயர்களும் எதிர்த்து வாக்களித்தனர். மனந்திரும்பிய குற்றவாளி நல்மரணம் அடைந்தார் என்று மகிழ்ந்த திருச்சபை, மனந்திரும்பியவரை ஏன் கொல்லவேண்டும் என்று வினவவில்லை. இன்றைய சாட்சிக் கூட்டங்களிலும் அதுவே நிகழ்கிறது. தூக்குத் தண்டனைக் கைதி ஒருவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார் என்ற செய்தியை ஆன்மாவின் காரியமாகவே கேட்கிறோம். பச்சன் சிங் தீர்ப்பைப் படித்தவருக்கோ அது சட்டத்தின் காரியமுமாகும்: அரசு மெய்ப்பித்துவிட்டதாகக் கூறிய ஒன்று பொய்த்துப்போயிற்று.

2015இல் சட்ட ஆணையம் தன் 262ஆம் அறிக்கையில், பயங்கரவாதக் குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு மரண தண்டனையை ஒழிக்குமாறு பரிந்துரைத்தது. ஆயினும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அத்தண்டனை நீடிக்கிறது. இதற்கிடையில், 2022இல் மனோஜ் வழக்கில், குற்றவாளியின் குடும்பப் பின்னணி, மனநிலை ஆகியவற்றோடு சிறையில் அவர் நடந்துகொண்ட முறை பற்றிய அறிக்கையும் தண்டனைக்கு முன் பெறப்படவேண்டுமென உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது. சிறை ஊழியத்திற்குச் செல்லும் ஆயர்கள் அந்த நடத்தையை ஆண்டுக்கணக்கில் நேரில் காண்பவர்கள். ஞாயிறு மாலைக் கூட்டங்களில் அவர்கள் சொல்லிவரும் செய்திகளைத் தேதியிட்டுக் குறித்துவைத்து, வாதாடும் வழக்கறிஞரிடம் எழுத்தில் ஒப்படைக்கலாம்.