பால்வாடியும் பாலர் பாடசாலையும்

தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் அங்கன்வாடி வாயிலில், நண்பகல் கழிந்து குழந்தையை அழைத்துப்போக வரும் தாய் முதன்முதலாகக் கேட்பது பெரும்பாலும் "சாப்பிட்டானா டீச்சர்?" என்பதாகவே இருக்கும். பாக்கு நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணக் குடாநாட்டில், சனசமூக நிலையத்தை ஒட்டி நடக்கும், பாலர் பாடசாலை எனப்படும் முன்பள்ளியின் படலையடியில் நிற்கும் தாயோ "இண்டைக்கு என்ன எழுதினவர் ரீச்சர்?" என்று விசாரிக்கிறாள். ஒருத்திக்குப் பிள்ளையின் வயிற்றைப் பற்றிய கவலையும் மற்றவளுக்கு அதன் எழுத்தைப் பற்றிய ஆவலும் பிறவியிலேயே அமைந்தவை என்று கொள்வதற்கில்லை; அவரவர் நாட்டில் சிசு பராமரிப்பு எந்தக் கையிலிருந்து தொடங்கிற்றோ, அந்தக் கையின் சுபாவமே அவ்வினாக்களில் வெளிப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

கருத்தளவில் இரு தேசங்களுக்கும் குரு ஒருவரே என்று சொல்லலாம். 1907-இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில், பெற்றோர் வேலைக்குப் போன பின் மாடிப்படிகளில் அலைந்து திரிந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தம் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939-இல், அறுபத்தொன்பதாம் பிராயத்தில், பிரம்மஞான சபையின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். சில மாதப் பயிற்சிக்காக வந்தவரை இரண்டாம் உலக யுத்தம் இங்கேயே நிறுத்தி வைத்துவிட்டது. இத்தாலியர் என்ற காரணத்தால் மகன் மாரியோ சிறிது காலம் தடுப்புக் காவலில் இருக்க நேர்ந்தது. பின்னர் தாயும் மகனும் கொடைக்கானல் மலையில் தங்கிச் சில காலம் போதித்தார்கள். 1944-இல் அவர் இலங்கையிலும் ஆசிரியைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். ஏழைச் சிறுவரிடையே பிறந்த அம்முறை, கடலின் இரு கரையிலும், கட்டணம் செலுத்த வல்லவர்களின் தெருக்களிலேயே பெயர்ப்பலகையாக ஊன்றிக்கொண்டதை அம்மையார் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பாரோ! அதை மறுபடி வறியவர் முற்றத்துக்குக் கொண்டுவர முயன்றவர்கள் இந்தியாவில் இருந்தார்கள்: 1920-இல் பாவநகரில் பாலமந்திரம் கண்ட கிஜுபாய் பதேகாவும், அவரோடு உழைத்துவிட்டு 1945-இல் போர்டி என்னும் கடற்கரைக் கிராமத்தில் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே பால்வாடி தொடங்கிய தாராபாய் மோடக்கும் அவர்களில் தலையாயவர். ஆகவே இரு நாட்டிலும் யோசனைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை யாருடைய பொறுப்பு என்னும் வினாவுக்கு அளிக்கப்பட்ட விடையில்தான் அவை பிரிந்தன.

இந்தியா அளித்த விடை, அரசாங்கத்தின் பொறுப்பு என்பது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972-இல் அளித்த அறிக்கைக்குப் பின், 1975-ஆம் ஆண்டு காந்தி ஜெயந்தியன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் ஆரம்பமாயிற்று. துணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்குச் சுகாதார போதனை, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகளை அங்கன்வாடி என்னும் ஒரே கூரையின் கீழ், ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் நடத்தவேண்டும் என்பது ஏற்பாடு. ஊசி போடச் சுகாதாரச் செவிலியர் வந்துபோவார். எனினும் பிள்ளைகளைத் திரட்டி வைப்பதும், பதிவேட்டில் ஏற்றுவதும், அன்றாடம் அவர்களோடு அமர்வதும் பணியாளரான அந்த ஒரு பெண்ணின் வேலை. 2006-இல் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருக்கும் எந்தக் குடியிருப்பும் அங்கன்வாடி வேண்டுமென்று கேட்கலாம், கேட்டால் கொடுத்தாகவேண்டும் என்று ஆணையிட்டது. குழந்தையின் பொருட்டு அரசாங்கத்தை இவ்வளவு தெளிவாகக் கடன்காரனாக்கிய கட்டளைகள் அபூர்வம்.

தமிழ்நாடு இதற்கும் அப்பால் தனிவழி கண்டது. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட நாள்களுக்குச் சத்துருண்டை கொடுத்து, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். சிக்கனத்துக்குப் பேர்போன இந்த ஏற்பாடு நடந்துகொண்டிருக்கையிலேயே, 1982 ஜூலை முதல் தேதியன்று, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நிபுணர்களின் ஆட்சேபங்களைப் பொருட்படுத்தாமல், மையத்துக்கு வரும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் நண்பகல் சோறு என்னும் திட்டத்தைத் தொடங்கினார். தராசு பார்த்துக் கொடுப்பதா, தட்டு நீட்டியவர்க்கெல்லாம் கொடுப்பதா என்னும் விவாதம் அன்று பொருளாதார அறிஞர்களிடையே பலமாக நடந்தது. என்னைக் கேட்டால், நோஞ்சான் என்று ஒரு பிள்ளையைத் தனியே பிரித்து உருண்டை கொடுப்பதைவிட, எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பதில் பிள்ளைக்குள்ள மரியாதை பெரிது. கணக்குப் புத்தகத்தில் அது செலவாகத் தெரியலாம்.

அந்த வரிசையைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். உதவியாளரை யாரும் அப்பெயரால் அழைப்பதில்லை, ஆயாதான். முட்டை நாளன்று அவர் அவித்த முட்டைகளை உரித்து, தட்டுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வருவார். முட்டை தொடாத வீட்டுப் பிள்ளைக்கு வாழைப்பழம் கிடைக்கும். ஒரு பிள்ளை வெள்ளைக் கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை உள்ளங்கையில் மூடிக்கொள்ளும், வீட்டிலிருக்கும் தங்கைக்கென்று. இன்னொன்று மஞ்சளைச் சோற்றில் பிசைந்து தட்டையே ஓவியமாக்கும். இதற்கிடையே டீச்சர் என்னும் பணியாளர், முற்பகலில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர், வருகையையும் எடையையும் கைபேசிச் செயலியில் ஏற்றிக்கொண்டிருப்பார். "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்ற பெயரில் மாநில அரசு வெளியிட்ட பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு பொருளாக, மணலும் மரப்பொம்மையும் கதையுமாக, மெச்சத்தக்க விதத்தில் அமைந்தது. ஆனால் அளக்கப்படுவது எதுவோ அதுவே நடக்கும் என்பது உத்தியோக உலகின் நியதியாயிற்றே! கிலோவும் கிராமும் மேலிடத்துக்குப் போகின்றன. இன்று ஒரு பிள்ளை முதன்முறையாக வாய்திறந்து கதை சொல்லிற்று என்பதை ஏற்றுவதற்குப் பதிவேட்டில் பத்தி இல்லை.

இலங்கையில் அப்பொறுப்பு ஒரே கையில் சேரவில்லை. 1926-இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்த காலந்தொட்டு, பொதுச் சுகாதார மருத்துவமாது வீடு வீடாகச் சென்று கர்ப்பிணியையும் சிசுவையும் கவனிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பிள்ளை பிறந்ததும் தாயின் கையில் கொடுக்கப்படும் வளர்ச்சிப் பதிவேட்டை அவள் நகைப்பெட்டிக்குச் சமமாகப் பேணுகிறாள். ஊசி, எடை, உயரம் யாவும் கிளினிக்கில் அதில் பதியப்படுகின்றன. எடை குறைந்தவர்களுக்கு, 1973 முதல், சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷா மாவு கிடைக்கிறது. கிராமத்துச் சிசுவின் உயிரைக் காப்பதில் தெற்காசியாவுக்கே முன்னோடியாக அந்தச் சிறு தீவு நின்றதில் இம்மாதரசிகளின் பங்கு மிகப் பெரிது. உடலைக் கவனிக்க இப்படி ஒருவர் இருந்தபடியால் முன்பள்ளிக்கு அந்தச் சுமை வரவில்லை. ஆனால் அரசாங்கமும் வரவில்லை. 1945-இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, ஐந்து வயதுப் பிள்ளையைத்தான் கைநீட்டி வரவேற்றது. அதற்கு முந்திய இரண்டாண்டுகளை ஆலயங்களும் சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும், தம் வீட்டு விறாந்தையையே வகுப்பாக்கிக்கொண்ட பெண்களும் ஏற்றார்கள். 1979-இல் சிறுவர் செயலகம் தோன்றிற்று. 1987-இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் இவ்விடயம் மாகாண சபைகளிடம் சென்றது. 2004-இல் தேசியக் கொள்கை வந்தது. கொள்கை வந்த பின்னும் பெரும்பாலான முன்பள்ளிகளுக்குக் கட்டணமே ஆதாரம்.

கட்டணம் கொடுப்பவர் பலனைக் கண்ணால் காண விரும்புவது இயல்பு. எனவே யாழ்ப்பாணத்து முன்பள்ளி ஒரு சிறிய பாடசாலையாகவே தன்னை அலங்கரித்துக்கொள்கிறது: சீருடை, சப்பாத்து, தேவாரத்தோடு காலை வணக்கம், கோடிட்ட கொப்பியில் அகரம், ஆண்டுக்கொரு கண்காட்சி, இல்லங்களாகப் பிரித்து நடத்தும் விளையாட்டு விழா. விழாவில் பந்து பொறுக்கும் போட்டிக்கு விசில் ஊதியதும், பாதி வழியில் அம்மாவைக் கண்டு பந்தை மறந்து அவளிடம் ஓடும் பிள்ளை இல்லாத ஆண்டே கிடையாது. இவற்றுள் நான் மனமாரப் பாராட்டுவது பல முன்பள்ளிகளின் சாப்பாட்டு ஒழுங்குதான். திங்கட்கிழமை அவித்த பயறு, செவ்வாய் கடலை, புதன் இலைக்கஞ்சி, வியாழன் பழம் என்று கிழமைக்கொன்று விதித்து, எல்லாப் பெற்றோரும் அதையே கொடுத்தனுப்ப வேண்டுமென்று ரீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். கடைப் பிஸ்கற்று கொண்டுவந்தால் திருப்பி அனுப்பப்படும். அரசாங்கத்துக்குச் செலவின்றி, சமத்துவமும் போஷாக்கும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன. கடலை வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளை அன்று முன்பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவதையும் உடனே சொல்லியாகவேண்டும்.

எழுத்தாசை இலங்கையருக்கே உரியது என்றும் எண்ணவேண்டாம். அங்கன்வாடியில் சோறுதான் உண்டு, படிப்பில்லை என்ற எண்ணத்தால், கையில் கொஞ்சம் காசு சேர்ந்த தமிழ்நாட்டுப் பெற்றோர் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கழுத்துப்பட்டை கட்டி நர்சரி வேனில் ஏற்றுகிறார்கள். அவர்களைத் திரும்ப இழுக்க, 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் திறக்கப்பட்டன. உபரி ஆசிரியர்களை அங்கே மாற்றியபோது, அது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று சிலர் நீதிமன்றம் ஏறினார்கள். மூன்று வயதுப் பிள்ளையோடு தரையில் அமர்வதைத் தாழ்வென்று கருதும் கல்வி உலகைப் பற்றி நான் வேறு என்ன சொல்வது?

இவ்விரண்டு வழிகளும் ஒருங்கே சோதனைக்குள்ளாகும் இடம் தேயிலைத் தோட்டம். சேலம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து சென்றவர்களின் சந்ததியார் வாழும் இலங்கை மலையகத்தில், கொழுந்தெடுக்கும் கை காலையிலேயே மலைக்கு வேண்டும் என்பதற்காகத் தோட்டத் துரைமார் வைத்தது பிள்ளைக் காம்பரா. குழந்தையின் நலத்தை உத்தேசித்து அது பிறக்கவில்லை. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்கு அருகே ஓர் அறை, உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள், கொழுந்தெடுக்க முடியாத வயதை எட்டிய ஒரு பாட்டி. நெடுங்காலம் அவ்வளவே ஏற்பாடு. 1992-இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின், அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று திருத்தியமைக்கப்பட்டு, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டார்கள்; சுவரில் சித்திரமும் தரையில் விளையாட்டுப் பொருளும் வந்தன. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அதே சனங்களில் ஒரு பகுதியினர் நீலகிரித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் காத்திருந்தது: 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டாயம். பாலர் பாடசாலைக்கும் அங்கன்வாடிக்கும் இல்லாத ஒரு பெரும் சிறப்பு இக்காப்பகங்களுக்கு உண்டு. தாயின் வேலை நேரமே இவற்றின் நேரம். இரண்டு வயதுக்கும் குறைந்த சிசுவை ஏற்றுக்கொள்வதும் இவைதாம். மற்ற இரண்டும் நண்பகலோடோ, பிற்பகலிலோ பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன, வயற்காட்டிலும் தையற்சாலையிலும் தாய் இல்லாதது போல.

இத்தனையும் எவள் தோளில் நிற்கிறதோ அவளுடைய நிலையைப் பேசாமல் இவ்வொப்பீடு நிறைவுபெறாது. இந்தியாவில் அங்கன்வாடிப் பணியாளர் சட்டப்படி ஊழியரல்ல, மதிப்பூதியம் பெறும் தொண்டர் என்று அரசாங்கங்கள் வெகுகாலம் வாதித்தன. தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற இடைவழி ஒன்றைக் கண்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இலங்கை வடக்கில், உள்நாட்டு யுத்தம் முடிந்த பின், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல முன்பள்ளிகளைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் தன்வசம் எடுத்து, கல்வித் திணைக்களத்தின் கீழுள்ள ஆசிரியைகள் பெற்றதைவிடப் பன்மடங்கு சம்பளம் கொடுத்தது. மூன்று வயதுப் பிள்ளையின் வகுப்பறையில் பாதுகாப்புத் துறைக்கு என்ன வேலை என்று கேட்ட ஊராரே, அந்தச் சம்பளத்தை விட்டுவிடு என்று எந்த ஆசிரியைக்கும் சொல்ல இயலாமல் நின்றார்கள். ஏனைய இடங்களில் மாகாண சபையின் சொற்ப உதவித்தொகையும் பெற்றோர் தரும் கட்டணமுமே முன்பள்ளி ஆசிரியைக்கு வரும்படி. இந்தியப் பணியாளரைப் போல அவளும் பணிக்கொடை கேட்டு வழக்காடலாமே என்றால், எதிர்வாதியாக யாரை நிறுத்துவது? அவளுடைய முதலாளி ஓரிடத்தில் கோயில், ஓரிடத்தில் சனசமூக நிலையத்து நிர்வாக சபை. வீட்டு விறாந்தையில் நடத்துகிறவளாயின் அவளேதான்.