ரப்பர்: நாவலும் நிலமும்

ரப்பர், ஜெயமோகன் எழுதிய முதல் நாவல். அகிலன் நினைவுப் பரிசு பெற்று 1990-ல் வெளிவந்தது. குலசேகரம் போன்ற ஊர்கள் அடங்கிய குமரி மாவட்ட மலையடிவாரத்தில் ரப்பர் பரவியதன் பின்னணியில், ஒரு பெருவட்டர் குடும்பத்தின் எழுச்சியையும் சரிவையும் சித்தரிக்கிறது.

பின்னணி

ரப்பர் அமேசான் காட்டு மரம். 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்தக் கன்றுகள் இலங்கை வழியாக ஆசியாவில் பரவின. பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் 1902-ல் வணிகத் தோட்டம் தொடங்கியது. குலசேகரம் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956-ல் தமிழகத்துடன் இணைந்தது. ரப்பர் நட்டு ஏறத்தாழ ஏழாண்டுகள் கழித்தே பால் வெட்ட முடியும். ஆகவே காத்திருக்க வசதி உள்ளவர்களே முதலில் இதில் இறங்கினர்.

மதிப்பீடு

வெள்ளைக்காரத் துரை அறிமுகம் செய்த பயிரை உள்ளூர் முதலாளி தன்னுடையதாக்கிக்கொள்வதைக் காட்டுவது நாவலின் வலிமை. சாதிப் படிநிலையில் கீழே வைக்கப்பட்ட குடும்பம் ரப்பரால் எழுகிறது. பழைய நில உடைமைக் குடும்பமான அறைக்கல் வீழ்கிறது. பணப்பயிர் ஒரு சமூகத்துக்கு விடுதலையாகவும் அதே நிலத்துக்கு அழிவாகவும் இருந்தது என்ற முரண்பாட்டை நாவல் மழுப்பவில்லை.

ஆனால் அழிவின் கணக்கை நாவல் முதலாளி வீட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்கிறது. காடு அழிந்த குற்றம் குடும்பச் சீரழிவாக உருவகம் பெற்று, பேரன் பிரான்சிஸின் மனமாற்றத்தில் முடிகிறது. விடியுமுன் பால் வெட்டப் போகிறவரும், காட்டை இழந்த காணிக்காரரும் மையத்துக்கு வருவதில்லை. பி.எச்.டேனியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதி, இரா.முருகவேள் 'எரியும் பனிக்காடு' என மொழிபெயர்த்த நாவல், வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தை முன்பணக் கடனில் சிக்கிய கூலியின் கண்களால் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் தோட்டப்பயிரின் முழுக்கதை கிடைக்கும்.

ரப்பரைப் பேராசையின் குறியீடாக மட்டும் கொள்வதிலும் சிக்கல் உண்டு. இன்று இந்திய ரப்பரில் பெரும்பகுதி சிறு தோட்டங்களிலிருந்தே வருகிறது. குலசேகரம் வட்டாரத்தில் அரை ஏக்கர் ரப்பரை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்துக்கு அது பேராசை அல்ல, ஷீட் விலை ஏறி இறங்கும்போது உடன் ஏறி இறங்கும் அன்றாடம். அந்த வாழ்க்கை நாவலுக்கு வெளியே நிற்கிறது. எனினும், பொருளாதார நூல்கள் லாபமாகவும் ஏற்றுமதியாகவும் எழுதிய பயிரை, மண்ணுக்கும் மனிதருக்கும் இடையிலான அறச் சிக்கலாக விவாதித்ததில் இந்நாவலின் இடம் உறுதியானது.