மூன்று நிமிடக் கடிகாரமும் முந்தும் கையும்

ஆன்லைன் பிளிட்ஸ் செஸ்ஸில் ஒருவரது பாணி, அவரால் எவற்றை யோசிக்காமலே ஆட முடிகிறது என்பதில் இருக்கிறது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி, ஓர் ஆட்டக்காரருக்கு மொத்தம் 10 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ தரப்படும் ஆட்டம் பிளிட்ஸ். இணையத்தில் பரவலாக ஆடப்படும் 3 நிமிட ஆட்டம் 40 நகர்த்தல் நீண்டால், நகர்த்தலுக்கு நாலரை விநாடிதான். தொடக்கத்தின் பத்து நகர்த்தல்களைப் பத்தே விநாடியில் முடித்தவருக்கு மீதி முப்பதுக்கும் தலா ஐந்தரை விநாடிக்கு மேல் கிடைக்கும். பிளிட்ஸ் பிரியர்கள் ஒரே தொடக்கத்தை ஆயிரம் முறை ஆடுவது இந்தக் கணக்கினால்தான். வெள்ளையில் லண்டன் முறை, கறுப்பில் காரோ-கான் என்று ஒட்டிக்கொள்பவர் சோம்பேறி அல்லர். நேரத்தைச் சேமித்து வைப்பவர்.

இந்தப் பாணிக்குத் தமிழ்நாட்டில் இணையத்துக்கும் முந்திய வேர் உண்டு. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் பிளிட்ஸ் பழகினார். அங்கே ஜெயித்தவர் பலகையை விட்டு எழ வேண்டாம். தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். தோற்றால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்ற நிலையில் ஒரு சிறுவனின் கை தானாக வேகம் பிடிக்கும். பின்னாளில் மணிக்கணக்கில் நடக்கும் ஆட்டங்களையும் அவர் நிமிடக்கணக்கில் முடித்து எதிராளிகளைத் திகைக்க வைத்தார். 2017-இல் ரியாத்தில், 48 வயதில், உலக ராபிட் பட்டத்தை வென்று, அடுத்து நடந்த உலக பிளிட்ஸில் மூன்றாம் இடமும் பெற்றார். அந்த வயதில் அத்தனை வேகத்தைத் தாங்கியது சிறுவயதிலேயே கையில் ஊறிய வடிவங்கள் என்றே கொள்ள வேண்டும்.

இதே பழக்கம் காலை வாரியதும் உண்டு. 1988-இல் பீல் போட்டியில் கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவுக்கு எதிராக, பெட்ரோவ் தற்காப்பில் ஐந்தாவது நகர்த்தலாக ஆனந்த் பிஷப்பை வெளியே கொண்டுவந்தார். கிராண்ட்மாஸ்டர்கள் டோனி மைல்ஸுக்கும் லாரி கிறிஸ்டியன்சனுக்கும் இடையே முந்தைய ஆண்டு டிராவில் முடிந்த ஆட்டத்தில் கிறிஸ்டியன்சன் ஆடிய நகர்த்தல் அது. மைல்ஸ் அதைத் தண்டிக்காமல் விட்டிருந்தார். சபாட்டா விடவில்லை. வெள்ளை ராணி ஒரு கட்டம் முன்னேறியதும் நடுவில் நின்ற கறுப்புக் குதிரை ராஜாவோடு கட்டுண்டது; காப்பாற்ற வழியில்லை. ஆறாவது நகர்த்தலோடு ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு கிராண்ட்மாஸ்டர் ஆனவருக்கே இது நேர்ந்தது. நினைவிலிருந்து வரும் நகர்த்தலைக் கண் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆட்டம் இல்லை.

இணையம் இந்த ஆபத்தைப் பெருக்கியிருக்கிறது. எதிராளி ஆடுவதற்கு முன்பே நம் பதிலைப் பதிந்துவைக்கும் ப்ரீமூவ், லிசெஸ் தளத்தில் நேரமே எடுப்பதில்லை, செஸ்.காமில் 0.1 விநாடி. காயை வெட்டினால் திரும்ப வெட்டியே ஆக வேண்டிய இடத்தில் இது வரம். நாம் எதிர்பாராத வேறொரு காயை எதிராளி நகர்த்திவிட்டால் ராணியே போய்விடும். வலுவானவர்கள் ப்ரீமூவைக் கட்டாய நகர்த்தல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். 2020 ஜூனியர் ஸ்பீட் செஸ் பட்டத்தை வென்ற திருச்சூர் நிஹால் சரினின் பலம் வேறிடத்தில் இருக்கிறது: நெருக்கடியிலும் நிலையை உடையவிடாத நகர்த்தல்களை நொடிகளில் கண்டுபிடிப்பது. அந்தத் தொடரே 5, 3, 1 நிமிட ஆட்டங்களாக வேகம் கூடிக்கொண்டு போவது.

கள்ளக்குறிச்சியில் ஃபோனில் ஆடும் ஒருவருக்கும் கணக்கு இதேதான். கூடவே இணைப்பின் கணக்கும் சேர்கிறது. கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பாதை போன்ற மலை மடிப்புகளில் சிக்னல் மறைந்தால் கடிகாரம் நிற்பதில்லை. சிறு தாமதத்தை மட்டுமே தளம் ஈடுகட்டும். கல்வராயன் மலையில் ஆடுபவருக்குக் கூடுதல் விநாடி இல்லாத 3 நிமிட ஆட்டத்தைவிட, நகர்த்தலுக்கு 2 விநாடி சேரும் ஆட்டமே நியாயமானது. அதில் தோற்றால் பலகையில் தோற்றதாக இருக்கும். திறமை வளர அந்தத் தெளிவு வேண்டும்.

கூடுதல் விநாடி இல்லாதபோது ஆட்டத்தின் கடைசிப் பகுதி தனிக் கலை. யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் நிலையில் செக் கொடுத்துக்கொண்டே இருப்பவர், எதிராளியை ஒவ்வொரு முறையும் பதிலுக்கு நேரம் செலவிட வைக்கிறார். தோற்கும் நிலையிலும் ஒரு சிப்பாயை விடாமல் பிடித்துவைப்பது நேரத்தால் வெல்லும் வாய்ப்பைக் காக்கும். ராஜா மட்டும் மிஞ்சியிருந்தால், எதிராளியின் நேரம் முடிந்தாலும் ஆட்டம் டிரா.